பீரங்கி ஏறாத மலை

(இறக்குவானையில் நடந்த பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய காலத்துப் பீரங்கிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்ற அறிவித்தலைக் கண்டு நண்பர் ஒருவர் என்னை வழிமறித்தார். "ஐயா, எங்கள் மக்களுக்குச் சம்பளத்தைப் பற்றிச் சொல்லுங்கள், காணியைப் பற்றிச் சொல்லுங்கள். பீரங்கி எதற்கு?" என்று கேட்டார். காணியைப் பற்றியும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் பாதையிலே பீரங்கி குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு. தோட்டத்து எல்லையிலே விறகு பொறுக்கப் போன ஒருவரின் காலைப் பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு துளைத்துவிட்டது. நான் அவருக்காகத் தோன்றினேன். சான்றுப் பொருளாக அந்தத் துவக்கை நீதிமன்ற மேசைமீது வைத்தார்கள். ஒரு துண்டு இரும்புக் குழாய். ஒரு முனை அடைப்பு, மறு முனை திறப்பு. அடைப்புப் பக்கத்திலே ஒரு சிறு துளை. அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு ஓர் எண்ணம் எழுந்தது. பாபர் 1526இல் பானிபட்டில் நிறுத்திய பீரங்கிக்கும், போர்த்துக்கேயர் கப்பலில் இறக்கிய பீரங்கிக்கும், மேசைமீது கிடந்த இந்தக் கட்டுத்துவக்குக்கும் தத்துவம் ஒன்றே. வாய்வழியே மருந்து, வாய்வழியே குண்டு, பின்துளைவழியே நெருப்பு. முந்நூறு ஆண்டுக்கு மேலாக அரசுகளை ஆக்கியும் அழித்தும் வந்த கருவி இன்று உங்கள் தோட்டத்து வேலியோரத்தில் பன்றிக்காகக் காத்திருக்கிறது. வரலாற்றின் விளையாட்டு அப்படிப்பட்டது!

பீரங்கி என்ற சொல்லே நமது சொல்லன்று. பிரங்கி, பறங்கி என்று ஐரோப்பியரை அழைத்த சொல்லிலிருந்து அவர் கொண்டுவந்த கருவிக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். துவக்கு என்பதோ துருக்கியர் வழியாக வந்த சொல். ஆளும் அயல், பெயரும் அயல்.

அக்கருவியை எவ்வாறு இயக்கினர் என்பதை அறிந்தாலன்றி இம்மலைநாட்டின் சரித்திரம் விளங்காது. முதலில் ஈரத் துடைப்பான் ஒன்றைக் குழலுக்குள் செலுத்தி, முன் வெடியில் எஞ்சிய கனலை அணைப்பார்கள். அணையாது ஒரு பொறி கிடந்தால் மருந்தை இடுகிறவனின் கை போய்விடும். பின்னர் மருந்துப் பையை இட்டு நீண்ட கோலால் கெட்டிப்பார்கள். அதன்மேல் குண்டு. பின்துளை வழியே ஊசியால் பையைக் குத்தித் துளையில் மருந்துத் தூள் இட்டு, எரியும் திரியை வைப்பார்கள். குண்டு முன்னே பாயும். பீரங்கி பின்னே பாயும். அதை மீண்டும் பழைய இடத்துக்குத் தள்ளிக் குறி பார்க்க வேண்டும். தேர்ந்த ஆட்கள் இருந்தால் சிறிய களப்பீரங்கியில் நிமிடத்துக்கு இரண்டு வெடி தீர்க்கலாம். தூரத்திலே வரும் படைக்கு உருண்டைக் குண்டு. அது தரையில் பட்டுத் துள்ளித் துள்ளி அணியைப் பிளக்கும். கிட்ட வந்த படைக்குத் தகரக் குவளையில் அடைத்த சிறு குண்டுகள். அவை வாயை விட்டதும் சிதறும். வெட்டவெளியில் நெருங்கி நிற்கும் சேனைக்கு இதைவிடக் கொடிய கருவி அக்காலத்தில் வேறில்லை.

விவசாயிகள் இருக்கிறீர்கள், ஆகையால் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பு பயிருக்கு நல்ல உரம். கண்டி இராச்சியத்தார் வௌவால்கள் அடையும் குகைகளின் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி அதை எடுத்தனர். கரிக்குக் காடு இருந்தது. கந்தகம் மட்டும் இந்நாட்டில் இல்லை. அது கடல்வழி வர வேண்டும். கடற்கரையோ அந்நியன் கையில். மலையரசின் பீரங்கிக்கு வேண்டிய மூன்றில் ஒன்றின் திறவுகோல் எப்போதும் பகைவனிடமே இருந்தது.

இனி எடையைப் பாருங்கள். ஆறு இறாத்தல் குண்டு எறியும் இலேசான களப்பீரங்கியின் வெண்கலக் குழல் மட்டுமே ஏறக்குறைய 300 கிலோ. சில்லு, சட்டம், மருந்துப் பெட்டி, குண்டு யாவும் சேர்ந்தால் அது ஒரு தொன்னைத் தாண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மேல் மலைக்கும் கீழ் மலைக்கும் ஏறி இறங்கும் தாய்மார்களே, 300 கிலோவை அந்த வழியே கொண்டுபோவது என்றால் என்னவென்று உங்களுக்கு எந்தச் சேனாதிபதியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் இதே தொல்லைதான். சுவீடன் மன்னன் குஸ்தாவ் அடோல்ப் ஒரு குதிரையோ சில ஆட்களோ இழுக்கக்கூடிய மூன்று இறாத்தல் பீரங்கிகளைப் படைப்பிரிவுதோறும் கொடுத்தான். அவன் 1630இல் ஜெர்மனியில் இறங்கி, மறு ஆண்டு பிரைட்டன்பெல்ட் களத்திலே பெருவெற்றி பெற்றதில் அந்த இலேசான பீரங்கிகளுக்குப் பங்குண்டு.

அதே 1630இல் இங்கே என்ன நடந்தது? போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுக்குள் படை நடத்தினான். இரத்தினபுரியிலும் மெனிக்கடவரையிலும் கோட்டை வைத்திருந்தவன். சப்பிரகமுவையைத் தன் வீட்டு முற்றம்போல நினைத்தவன். ஆகஸ்ட் மாதம் வெல்லவாயாவை அடுத்த ரந்தெனிவெலவில் கண்டிப் படை அவனைச் சூழ்ந்தது. அவனோடு வந்த சிங்கள லஸ்கோரின்கள் பெரும்பாலோர் பக்கம் மாறினர். இரவிலே பெருமழை பெய்தது. திரி நனைந்தது, மருந்து நனைந்தது. துவக்கு வெறுந்தடியாயிற்று. தளபதியும் மாண்டான், படையும் அழிந்தது. எட்டாண்டு கழித்து, 1638 மார்ச் மாதத்தில், தியோகு த மேலோ என்பவன் கண்டி நகருள் புகுந்தான். நகரில் ஆள் இல்லை. எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் வளைத்துக்கொண்டான். தப்பியவர் மிகச் சிலர்.

இரத்தினபுரி சமன் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அங்கே பதித்துள்ள ஒரு கல்லைப் பார்த்திருப்பீர்கள். வாள் ஓங்கிய போர்த்துக்கேயன் ஒருவன், அவன் காலடியிலே வீழ்ந்த சிங்கள வீரன் ஒருவன். வெற்றிக்காக வெட்டிய கல். ரந்தெனிவெலவுக்குப் போர்த்துக்கேயன் கல் வெட்டவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்டியார் பீரங்கி அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். பீரங்கிக்கெனத் தனி நிருவாகப் பிரிவே அவர்களிடம் இருந்தது. கொடித்துவக்கு என்று ஒன்று வைத்திருந்தனர். சில்லு கிடையாது; மரக்கால்கள் மீது நிற்கும்; ஆள் தோளில் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னே போய் வைப்பான், சுடுவான், தூக்கிக்கொண்டு மறைவான். அது நின்ற கோலத்தைக் கண்ட ஆங்கிலேயர் வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்கள். இன்றும் சிங்கள அன்பர்களிடையே கொடித்துவக்கு என்ற குடும்பப் பெயர் உண்டு. மலைக்கு ஏற்ற பீரங்கி எது என்பதைக் குஸ்தாவ் அடோல்புக்கு எவரும் சொல்லவில்லை. நம் அயலவருக்கும் எவரும் சொல்லவில்லை. இருவரும் தத்தம் மண்ணிலிருந்தே கற்றனர்.

அதைவிடப் பெரிய தந்திரம் ஒன்றும் செய்தார்கள். பாதை போடாமல் இருந்தார்கள்! ஏறக்குறைய இருபதாண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதைக் காணலாம். ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒற்றையடிப் பாதைகள், கணவாய்களில் முள்ளாலான கடவைகள், அவற்றுக்குக் காவல். கடவத்தை என்ற ஊர்ப்பெயரைக் கேட்கும்போது அந்த முட்கதவு என் நினைவுக்கு வருகிறது. பாதையின்மையே அவர்களுக்குப் பெருமதில்.

சமவெளியில் கதை வேறு. யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் 1658இல் முற்றுகையிட்டனர். கப்பலில் வந்த பீரங்கியைக் கரையில் இறக்கித் தட்டைத் தரையில் உருட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு மேல் பசியும் நோயும் குண்டும் சேர்ந்து அடித்தன. ஜூன் 22இல் கோட்டை பணிந்தது. அதே சமவெளியில் பாஞ்சாலங்குறிச்சியையும் நினையுங்கள். 1799 செப்டம்பரில் பானர்மன் கோட்டை வாயிலைத் தாக்கித் தோற்றான். கட்டபொம்மன் இரவில் வெளியேறிய பிறகே கோட்டை அவன் கைக்கு வந்தது. இடித்துத் தள்ளினார்கள். 1801இல் ஊமைத்துரை சிறைமீண்டு வந்ததும் சில நாளில் அதே மண்கோட்டை மீண்டும் எழுந்தது. மார்ச் மாதத்துத் தாக்குதலை அது எறிந்துவிட்டது. கருங்கல்லில் பட்ட குண்டு கல்லைச் சிதறடிக்கும். மண்ணில் பட்ட குண்டோ புதைந்துபோகும். உழவன் பிசைந்த மண்ணுக்கு அந்த வல்லமை உண்டு. ஆயினும் பெரிய பீரங்கிகள் சாலைவழியே வந்து சேர்ந்தன. மே 24இல் சுவரில் வாயில் திறந்தது. பாளையங்கோட்டைக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே ஒரு கடுகண்ணாவை இருந்திருந்தால்! சட்டத்தரணி இப்படியெல்லாம் ஊகிக்கக்கூடாதுதான், விட்டுவிடுகிறேன்.

ஒல்லாந்தரும் 1765இல் கண்டியுள் புகுந்தனர். தேசாதிபதி வான் எக் நடத்திய படை. அரண்மனையைக் கொள்ளையிட்டனர். சில மாதங்களில் நோயும் பசியும் அவர்களை வெளியே துரத்தின. போகும்போது கொண்டுபோனவற்றுள் ஒன்று, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமான சிறு பீரங்கி. வெண்கலக் குழல், பொன்னும் வெள்ளியும் இழைத்து மாணிக்கம் பதித்தது, மேலே ஞாயிறு, திங்கள், சிங்கம். லேவுகே திசாவை 1745-46 அளவில் மன்னனுக்கு அளித்த காணிக்கை. அந்நாளில் கண்டி அரியணையில் இருந்தவன் யார்? மதுரை நாட்டிலிருந்து வந்த நாயக்கர் வழியின் முதல் மன்னன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். குழலோ ஒல்லாந்து வழி வந்தது. அணி சிங்களக் கம்மியர் கைவேலை. பெற்றவன் தென்னாட்டு வழியினன். இந்நாட்டுச் சரித்திரத்தை ஓரினத்தின் தனிச்சொத்தாக எழுத முற்படுகிறவர்களிடம் இந்தப் பீரங்கியைக் காட்டுங்கள். அதைப் பற்றி இன்னும் சொல்வேன்.

ஆங்கிலேயர் முறை வந்தது. 1803 பெப்ரவரியில் இரு திசையிலிருந்து கண்டிக்குள் வந்தார்கள். வழக்கம்போல நகர் வெறுமை. ஜூன் மாதம் காய்ச்சலில் குன்றிய காவற்படையோடு மேஜர் டேவி சரணடைந்தான். வட்டப்புளுவையில் மகாவலியைக் கடக்க முடியாது நின்ற படை அழிந்தது. பீரங்கி இழுக்கவென்று வந்த லஸ்கார்கள் பலர் சிறைப்பட்டனர். நான் படித்த நூல்களில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது; லஸ்காருக்குத் தொகை மட்டுமே இருக்கிறது. வென்ற உற்சாகத்தில் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் செப்டம்பரில் மலையிறங்கி ஹன்வெல்லைக் கோட்டையைத் தாக்கினான். அங்கே முறிந்தான். மலை ஏறிய ஆங்கிலேயனுக்கு நேர்ந்தது, சமவெளிக்கு இறங்கிய கண்டியானுக்கும் நேர்ந்தது.

மறு ஆண்டு கப்டன் ஜோன்ஸ்டன் 300 பேர் அளவான படையோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போய், வேறெந்தப் படையும் வராதது கண்டு, திருகோணமலைக்கு உயிர்தப்பி மீண்டான். 1810இல் அதை நூலாக எழுதினான். மலைப்போரின் உண்மைகளை அதில் பார்க்கலாம். வழியிலே மரத்தை வெட்டிப் போடுவார்கள். இருபுறமும் புதரிலிருந்து சுடுவார்கள். சுட்ட முதல் வேட்டுக்கே சுமைகாரர் சுமையை எறிந்துவிட்டு ஓடுவார்கள். சுமை போனால் அரிசி போயிற்று, குண்டு போயிற்று, எல்லாம் போயிற்று. பேரரசின் பீரங்கி கடைசியில் ஒரு கூலியாளின் தோளின்மீதே நின்றது என்பதை ஒரு கப்டன் தன் வாயாலே ஒப்புக்கொள்கிறான்.

பின் 1815இல் எப்படி வென்றார்கள்? பீரங்கியால் அன்று. இந்தச் சப்பிரகமுவையின் திசாவையாக இருந்த எகெலப்பொல 1814இல் மன்னனோடு பகைத்து ஆங்கிலேயரிடம் போனான். மற்றப் பிரதானிகளும் ஒருவர் பின் ஒருவராக விலகினர். 1815 ஜனவரியில் படைகள் புறப்பட்டன. பெப்ரவரி 14இல் கண்டி, 18இல் மன்னன் சிறை, மார்ச் 2இல் உடன்படிக்கை. பெருஞ்சண்டை ஒன்றேனும் இல்லை. முட்கடவையை உள்ளேயிருந்தவர்களே திறந்துவிட்டார்கள்.

ஆனால் 1817இல் ஊவாக் கிளர்ச்சி எழுந்தபோது ஆங்கிலேயர் நடுங்கிப்போனார்கள். அதை வீட்டையும் பயிரையும் எரித்து அடக்கினார்கள். அடக்கியபின் அவர்கள் முதற்கண் செய்த வேலை பாதை. பார்ன்ஸ் தேசாதிபதி 1820இல் தொடங்கினான். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தார்கள். அந்தப் பாதையைச் சமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தான். அவனுக்கு அங்கே உயர்ந்த கோபுரம் நிற்கிறது. பீரங்கியும் படையும் எந்நேரமும் கண்டி போய்ச்சேர வேண்டும் என்பது நோக்கம். அப்படி வெட்டிய பாதையால் அடுத்தபடி இறங்கியது கோப்பி மூட்டை. 1823இல் கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தான். பாதை இல்லாத நாட்டில் எவன் கோப்பி நடுவான்?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதற்பாதைகளை வெட்டியவர் நாம் அல்லர். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடித்துவரப்பட்ட சிங்களக் குடியானவர் வெட்டினர். வயலை விட்டு, கூலியின்றி, காட்டுக் காய்ச்சலில் மடிந்து வெட்டினர். கோல்புறூக் விசாரணைக்குப் பிறகே அந்தக் கட்டாய ஊழியம் ஒழிந்தது. அதன் பின்னர் தோமஸ் ஸ்கின்னர் காலத்து வீதிகளிலும் பாலங்களிலும் பயனியர் படை என்ற பெயரில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையாக உழைத்தனர். சிங்களக் கிராமத்தவனுக்கு அந்தப் பாதை தந்த பரிசு என்ன? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காட்டுக்கும் தரிசுக்கும் சேனைக்கும் உரிமையாளன் என்பதை நீயே காட்டு, காட்டாவிட்டால் முடிக்குரியது. உறுதி எழுதி வைக்கும் வழக்கமே இல்லாத பாட்டனிடம் உறுதி கேட்டார்கள். அந்தக் காணியில்தான் தோட்டங்கள் பலவும் எழுந்தன.

நம் பாட்டன் பாட்டிமாருக்கோ அந்த நல்ல பாதைகூடக் கிடைக்கவில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தார்கள். நீரில்லை, நிழற்கூடமில்லை, வாந்திபேதி உண்டு. எத்தனை பேர் வழியிலே கிடந்தார்களோ! 300 கிலோ வெண்கலத்துக்காகப் பாறையைக் குடைந்த அரசு, வடக்கிலிருந்து வந்த மனிதனுக்காக நெடுங்காலம் ஒரு கிணறு தோண்டவும் தயங்கியது.

அந்தச் சிறு பீரங்கிக்கு வருவோம். அம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அரும்பொருட் காட்சிச்சாலையில் அது நெடுங்காலம் இருந்தது. எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது என்று அண்மையில் அவர்களே ஆராய்ந்தார்கள். கொள்ளையிட்ட பொருள் என்று முடிவாயிற்று. 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருள்களோடு அது கொழும்புக்குத் திரும்பியது. 258 ஆண்டு! நமது பொதுச்சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம். கொள்ளையினால் உரிமை பிறவாது, ஆண்டுகள் கடந்ததால் கொள்ளை நியாயமாகாது என்ற நெறியை ஒல்லாந்தர் ஒரு பீரங்கி விடயத்திலே ஏற்றுக்கொண்டனர். நல்லது. நான் மனமார வரவேற்கிறேன்.

அதே 2023இல் மலையகத் தமிழர் தங்கள் இருநூறாண்டை நினைவுகூர்ந்தார்கள். 1948இல் குடியுரிமை இழந்து, 1964 உடன்படிக்கையில் தலை எண்ணிப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் நாம். குடியுரிமை வந்துவிட்டது, வாக்கும் உண்டு. ஆனால் லயன் அறைக்கு உறுதி உண்டா? எத்தனை பேர் கையை உயர்த்துவீர்கள்?

சட்டத்தின் நிலையை மறைக்காமல் சொல்கிறேன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றைப் பத்தாண்டு தடையின்றி எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம். ஆனால் அந்த உரிமை அரசுக்கு எதிராகச் செல்லாது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகையாயின, நிலமோ அரசினுடையது. அதுமட்டுமன்று, வேலைக்காகத் தந்த அறையில் இருப்பவர் அனுமதியின்பேரில் இருப்பவர், எதிராட்சி செய்பவரல்லர் என்பார்கள். ஆகவே ஐந்து தலைமுறை இருந்தாலும் வெறும் ஆண்டுக் கணக்கைக் காட்டி நீதிமன்றத்தில் வெல்ல இயலாது. சட்டமன்றத்தில்தான் இதற்குத் தீர்வு. அரசாங்கம் உறுதி வழங்கினால்தான் உறுதி. வழக்குப் போட்டு வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் உங்களிடம் பணம் கேட்டால் ஒரு சதமும் கொடாதீர்கள்.

ஆனால் உறுதி வழங்கும் நாள் வரும்போது "நீ யார், எப்போதிருந்து இங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். 1840இல் சிங்களக் குடியானவனிடம் கேட்ட அதே கேள்வி. பீரங்கி திரும்பியதற்குக் காரணம், அதன் மேலிருந்த குறிகளும் அதைப் பற்றிய பழைய ஏடுகளும் சாட்சி சொன்னமையே. உங்களுக்கு எது சாட்சி சொல்லும்? தகரப் பெட்டியின் அடியிலே கிடக்கும் பழைய பிறப்புப் பதிவு, சேமலாப நிதித் துண்டு, சம்பளச் சீட்டு, பாடசாலை இடாப்பின் பிரதி, பாட்டனின் கடவுச்சீட்டு இருந்தால் அதுவும். கறையான் அரித்திருந்தாலும் எறிய வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வாருங்கள். நம்மிடையே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோவை திறந்து எழுதித்தர இருவர் இசைந்திருக்கிறார்கள். மூலப்பத்திரத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் கூட. பிரதி போதும்.

மழை வலுத்து வருகிறது. மேற்பிரிவுக்குப் போகிறவர்கள் இருட்டுமுன் புறப்படுங்கள். எல்லை வேலியோரக் குறுக்குப் பாதையால் போக வேண்டாம். வண்டிப் பாதையால் போங்கள்.